நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கல்குலேட்டரும்: கார் வாங்கப் போய் விலை பேசிய கதைகள்

வாவிக்கரை

கார் எடுத்து நாலு மாதம் ஆகிறது, நல்லாத்தான் ஓடுகிறது, ஆனால் அந்த ஒரு நிமிடம் மட்டும் இன்னும் மனதை அரிக்கிறது. உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் போடுங்கள், தனியாக நான் மட்டும் ஏமாளி இல்லை என்று ஒரு ஆறுதல்.

கட்டாரில் ஒன்பது வருடம். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின நாளில் இருந்து "திறக்கட்டும், எடுப்பம்" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து வருடம் போய்விட்டது. 2025 பெப்ரவரி முதலாம் திகதி திறந்தார்கள், விலையைக் கேட்டதும் தலை சுற்றியது, அது எல்லாருக்கும் தெரிந்த கதை. கடைசியில் ஒரு வேகன் ஆர், இங்கே பதிவு செய்யாதது, கொழும்புக்கு அலையாமல் மட்டக்களப்புப் பக்கமே ஒரு இடத்தில் நின்றது. போனில் "நேரில வாங்க சேர், பார்த்துச் செய்வம்" என்றார்கள்.

என்னிடம் கணக்கு இருந்தது. இரண்டு இலட்சம் குறைக்கக் கேட்பது, ஒன்றரைக்கு ஒத்துக்கொள்வது, ஒன்றுக்குக் கீழே என்றால் எழும்பி வந்துவிடுவது. மனைவியிடம் முதல் நாள் இரவே சொல்லி வைத்தேன், கலர் பிடித்திருக்கு என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே என்று. அவள் திறக்கவில்லை. நான் டயரைக் காலால் தட்டினேன், கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தினேன், "வெள்ளையில இல்லையா" என்று சலித்துக்கொண்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பொடியன் கல்குலேட்டரை எடுத்து "சரி, சேர் உங்கட கடைசி விலையைச் சொல்லுங்க" என்று தொடங்கிய நேரம் பார்த்து, அம்மா கதிரையில் வசதியாக இருப்பதற்காக மடியில் கிடந்த பையைத் தூக்கி மேசையில் வைத்தார். மெல்லிய ஷொப்பிங் பேக், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். நாலு எலுமிச்சம்பழம். ஒரு பெட்டி கற்பூரம். திருநீறு.

பொடியன் பையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கல்குலேட்டரை மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மா, தேத்தண்ணி குடிப்பமா?" என்றான்.

அதுக்குப் பிறகு ஒரு ரூபாய் அசையவில்லை. கால் விரிப்பு தந்தார்கள். பத்து லீற்றர் பெற்றோல்.


சாய்ந்தமருது காக்கா

தம்பி, உங்களுக்குப் பத்து லீற்றராவது கிடைத்தது.

நான் குருநாகல் பக்கம் போய் எடுத்தேன், எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். அதனால் ஊரில் ஒரு புறோக்கரைக் கூட்டிக்கொண்டு போனேன், தெரிந்த ஆள், ஒரே பள்ளிவாசல். வேனில் போகிற வழியெல்லாம் "காக்கா, நீங்க வாயே திறக்க வேணாம், நான் வெட்டி எடுத்துத் தாறன்" என்றார். அங்கே அவரும் முதலாளியும் அரை மணித்தியாலம் கத்திக் கத்திப் பேசினார்கள், மேசையைத் தட்டினார்கள், இவர் ஒருதரம் கோபித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்க் கிறுகி வந்தார். நமக்காக இந்த மனிசன் எவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்கு உண்மையிலேயே மனம் உருகிவிட்டது. 75 ஆயிரம் குறைந்தது.

பேப்பர் வேலை முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனேன். இரண்டு பேரும் அங்கே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சிரிப்பு. முதலாளி சொன்னதில் எனக்கு இரண்டே சொல்தான் விளங்கியது. "லக்ஷ தெகக்." சிங்களத்தில் எனக்குத் தெரிந்தது இலக்கங்கள் மட்டும்தானே. இரண்டு இலட்சம், அவருடைய பங்கு. 75 ஆயிரம், என்னுடையது.

ஊருக்கு வரும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. ஹபரணையில் சாப்பாட்டுக்கும் நான்தான் காசு கொடுத்தேன். ஜும்ஆவில் இப்போதும் பக்கத்தில் வந்து உட்காருவார்.


பழைய சாரதி

வாவிக்கரை, கோபிக்காதீர்கள், பிழை எலுமிச்சம்பழத்தில் இல்லை. ஒரே ஒரு இடத்துக்குப் போய் ஒரே ஒரு காரைப் பார்த்துவிட்டு விலை பேசப் போனீர்கள் பாருங்கள், அங்கே பிழை. இன்னொரு இடத்தின் விலை எழுதிய துண்டு சட்டைப்பையில் இருந்தால் அம்மா தேங்காயே கொண்டு வந்திருந்தாலும் பயமில்லை.

நான் 2018இல் ஒன்று எடுத்தேன், நல்ல விலை, சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது எடுக்கப் போகிறவர்களுக்காகச் சில விசயம் சொல்கிறேன். உள்ளே போனதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்டலாம் சேர்?" அதுக்குப் பதில் சொல்லவே கூடாது. சொன்னீர்களோ, வண்டி விலை மறைந்துவிடும், பிறகு தவணைக் கணக்குத்தான் பேச்சு, நாலு வருடத்தை ஐந்தாக இழுத்து உங்கள் கையில் தருவார்கள், நீங்களும் குறைந்துவிட்டது என்று சந்தோசமாக வருவீர்கள். முழு விலையை முதலில் முடித்துவிட்டுத்தான் லீசிங்கைத் தொட வேண்டும். அதிலும் "ஒன்பது வீதம்தான்" என்றால், எந்த ஒன்பது என்று கேளுங்கள். பிளாட் ரேட், அதாவது கடைசி வரைக்கும் முழுக் கடனுக்கும் வட்டி, அது ஒன்பது என்றால் 30 இலட்சத்துக்கு ஐந்து வருடத்தில் 13.5 இலட்சம் வட்டி, மாதம் 72,500. வாங்கிய கடன் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் அது 15 வீதத்துக்கும் மேலே. ஷோரூமில் ஒரு இலட்சம் வெட்டிவிட்டேன் என்று மீசையை முறுக்குகிறவர் லீசிங்கில் பிளாட்டாக ஒரு வீதம் கூடக் கொடுத்தால் அதே 30க்கு ஒன்றரை இலட்சம் போகும். இதை யாரும் பேசுவதில்லை. கார் ஷோரூம்காரனும் லீசிங்காரனும் ஒரே மேசையில் இருப்பது சும்மா இல்லை.

அடுத்தது, வண்டி எப்போது துறைமுகத்தில் இறங்கியது என்று கேளுங்கள். இறக்கிய வாகனத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் இறக்குமதி செய்தவர் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2025இல் விதி போட்டார்கள். நேற்று வந்த வண்டிக்கும் எண்பது நாள் தூசி பிடித்து நிற்கிற வண்டிக்கும் ஒரே விலை சொன்னால் விடாதீர்கள். ஜப்பானில் இருந்து வந்ததென்றால் ஒக்சன் ஷீட், அதாவது அங்கே ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிய தாள், அதைக் கேளுங்கள், அதிலுள்ள சேஸி நம்பரை வண்டியில் குனிந்து பாருங்கள், கிரேடு என்ற இடத்தில் ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. டின் நம்பர், அதுதான் வரி செலுத்துவோர் இலக்கம், இல்லாதவர்கள் முதலில் அதை எடுங்கள், 2025 ஏப்ரல் நடுவில் இருந்து அது இல்லாமல் கார் பதிவு இல்லை. அதைச் சாட்டி "நாங்க எடுத்துத் தாறம், பத்தாயிரம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள், அது இலவசமாக எடுக்கிற சாமான். முற்பணம் கொடுத்தால் துண்டில் "வண்டி கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். மாதக் கடைசியில் போங்கள். இன்சூரன்ஸையும் அவர்கள் சொல்கிற இடத்தில்தான் போட வேண்டும் என்று இல்லை, இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்.


வாவிக்கரை

அண்ணன், கார் எடுத்து நாலு மாதம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.


பழைய சாரதி

மற்றவர்களுக்கு உதவும்.


திருக்கோவில் மிஸ்

ஆண்களுக்கே இப்படி என்றால் எங்கள் கதையைக் கேளுங்கள். காசு என்னுடையது. லைசென்ஸ் என்னிடம். தம்பி துணைக்கு வந்தவன், ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் அன்றைக்கு இருந்தது பஸ் காசு. மட்டக்களப்பில் அந்த ஷோரூம்காரர் ஒரு மணித்தியாலமும் அவனைப் பார்த்தே பேசினார். நான் கேள்வி கேட்பேன், பதில் தம்பிக்குப் போகும். மைலேஜ் நான் கேட்டேன், "தம்பி, லீற்றருக்கு இருபதுக்குக் குறையாது." வொரண்டி நான் கேட்டேன், "தம்பி, அதெல்லாம் யோசிக்க வேணாம்." இவனும் பெரிய மனிசன் மாதிரித் தலையாட்டுகிறான். எனக்கு விலையை விட அதுதான் விசர்.

நான் பையில் இருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "வண்டி விலை, பதிவுச் செலவு, நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், டொகுமென்ட் சார்ஜ், வேற என்னென்ன இருக்கோ எல்லாம் ஒவ்வொரு வரியா எழுதுங்க, கீழ கூட்டிக் கையெழுத்து வைங்க" என்றேன். முதல் தடவையாக என்னைப் பார்த்தார். பேனையை எடுத்து வண்டி விலையை எழுதினார், வற் வரி சேர்ந்தது என்று பக்கத்தில் போட்டார், பிறகு பேனை அப்படியே நின்றுவிட்டது. "மிஸ், இப்பவே எழுதிறது கஷ்டம், கொழும்பில கேட்கணும்." சரி, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று எழும்பிவிட்டேன். தம்பிக்கு முகம் கறுத்துப் போனது, அவன் மனதுக்குள் ஏற்கெனவே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சினேகிதர்களுக்குக் காட்டியாயிற்று.

பஸ்ஸில் ஏறினோம். ஆரையம்பதி தாண்டவில்லை, போன் வந்தது, டொகுமென்ட் சார்ஜ் வேண்டாமாம். நன்றி என்று வைத்தேன். களுவாஞ்சிக்குடியில் இரண்டாவது போன், 50 ஆயிரம். தம்பி கையைப் பிடித்து "ஓம் எண்டு சொல்லுங்க அக்கா" என்கிறான், பஸ்ஸில் முன் சீட்டு ஆச்சி திரும்பிப் பார்க்கிறார். பெரியகல்லாற்றுப் பாலத்தில் மூன்றாவது, 1 இலட்சம், நம்பர் பிளேட் செலவும் அவர்களுடையது. அதில் ஓம் என்றேன்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், கல்முனை வரைக்கும் பொறுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?


முன்னாள் சேல்ஸ்

மிஸ், அதுக்கு மேலே வந்திருக்காது. நம்புங்கள், நான் மூன்று வருடம் அந்தக் கதிரையில் இருந்தவன்.

எல்லாரும் எங்களைத் திட்டுகிறீர்கள், ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். வண்டி விலையில் பெரும் பங்கு துறைமுகத்தில் வரியாகப் போகிறது, இறக்கினவரின் பங்கு போக இங்கே நிற்கிற பொடியனுக்கு என்ன மிஞ்சும்? எனக்குக் குறைக்க அனுமதி இருந்தது ஒரு குறிப்பிட்ட தொகை, அதுக்கு மேலே போனால் என் கொமிசனில் இருந்து. காக்கா சொன்ன புறோக்கர் மாதிரி ஆட்கள் வந்தால் அந்தக் காசு முழுக்க அவருக்கு, வாங்குகிறவருக்கு ஒன்றும் இல்லை. தனியாக வந்திருந்தால் அந்த இரண்டில் ஒன்றரையாவது காக்காவுக்குக் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்கும் ஒன்று நிற்கிறது. "மனேஜரைக் கேட்டுட்டு வாறன்" என்று உள்ளே போவோம், தெரியும்தானே. உள்ளே மனேஜர் இல்லை. குளிர்சாதனப் பெட்டிதான் இருந்தது. போய் ஒரு கிளாஸ் தண்ணி குடித்து, சுவர் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டும். "கஷ்டப்பட்டு 25 ஆயிரம் வாங்கினேன் சேர்." ஒருநாள் படுவான்கரைப் பக்கம் இருந்து ஒரு ஐயா வந்தார், வேளாண்மைக் காசு, மா பேக்கில் ஐயாயிரம் ரூபாய்க் கட்டுகள், இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு. அவருக்கும் அதே நாடகம். நான் திரும்பி வந்தபோது ஐயா எழும்பி நின்று என் இரண்டு கையையும் பிடித்து, "எனக்காகப் பேச்சு வாங்கியிருப்பீங்க மகன்" என்றார். கை முழுக்கக் காய்ப்பு. எனக்குக் கொடுக்க இன்னும் 60 மிச்சம் இருந்தது, நான் கொடுக்கவில்லை.


பழைய சாரதி

இதைத்தான் நான் சொன்னேன், மாதக் கடைசியில் போனால் அந்த 60உம் வந்திருக்கும்.


சாய்ந்தமருது காக்கா

சாரதி, மாதக் கடைசியில் வேளாண்மைக் காசு இருக்குமா? வெட்டு முடிந்ததும் கடன்காரன் வரம்பிலேயே நிற்பான், கையில் இருக்கிற கிழமைதான் வாங்க முடியும். சும்மா போங்க.

முன்னாள் சேல்ஸ் தம்பி, 60ஐக் கொண்டு போய்க் கொடுக்க இப்பவும் ஏலும். ஊர் தெரியும்தானே.


முன்னாள் சேல்ஸ்

யோசித்திருக்கிறேன் காக்கா. என்ன சொல்லிக் கொடுப்பது என்றுதான்.


வாவிக்கரை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. மிஸ்ஸின் கொப்பித் தாளை என் மனைவி வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தன் பையில் பிழை இருப்பதாகவே படவில்லை. அவருடைய கணக்கு வேறு. அன்றைக்குக் காரை எடுக்கும்போது நாலு சக்கரத்துக்கும் வைத்தோம், மூன்று பழம் சப்பென்று நசுங்கியது, பின்பக்கத்து இடது பழம் மட்டும் வழுக்கி உருண்டு பக்கத்தில் நின்ற கறுப்புக் காருக்குக் கீழே போய்விட்டது. பொடியன் குனிந்து எடுக்கப் போக அம்மா, "விடு மகன், அது அங்கேயே கிடக்கட்டும்" என்றார். அந்தக் கறுப்புக் கார் இன்னும் விற்கவில்லையாம், போன கிழமை அவ்வழியால் போனபோது ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.