மெய்நிகர் கதைகளில் நாம் அஞ்ச வேண்டியது எதற்கு?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பணிபுரிகிறேன். சனிக்கிழமை மாலைகளில் மேல்நிலை மாணவர்கள் எங்கள் ஊர் வாசகசாலையில் கூடி, தாங்கள் எழுதிய கதைகளை வாசிப்பது வழக்கம். அண்மைக் காலமாக அவர்களுடைய அறிவியல் கதைகளில் பெரும்பாலானவை மெய்நிகர் உலகத்தை (தலையில் மாட்டும் ஹெட்செட் கருவி வழியாகக் கண்முன் விரியும் கணினி உலகத்தை) பற்றியவையாக இருக்கின்றன. ஆனால் எல்லாமே, "இதுவரை நடந்தது ஹெட்செட்டுக்குள் நடந்தது" என்றோ, "கருவி வெடித்துச் சிதறியது" என்றோதான் முடிகின்றன.

ஒரு மாணவியின் கதை என்னை மிகவும் பாதித்தது. இறந்துபோன பாட்டியின் குரல் பதிவுகளையும் கல்யாண வீடியோக்களையும் வைத்து ஒரு நிறுவனம் பாட்டியை மெய்நிகர் உலகில் உருவாக்கித் தருகிறது. அப்பா தோப்பு வேலையைப் போட்டுவிட்டு, நாள் முழுவதும் தன் தாயோடு அந்த மெய்நிகர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். மாதக் கட்டணம் கட்டுவதற்காகத் தென்னந்தோப்பு அடமானத்துக்குப் போகிறது. இவ்வளவு தூரம் அருமையாக வந்த கதையிலும் கடைசியில் கருவி வெடித்துவிடுகிறது. அந்த முடிவு பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது; ஏன் என்று அந்தப் பிள்ளைக்கு விளக்க முடியவில்லை. இத்தகைய கதைகளில் உண்மையான ஆபத்து, பொய்யை மெய்யென்று நம்புவதா, வேறு ஏதாவதா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: குமுளி வாசகர்

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மாணவியின் கதையில் வரும் அப்பா ஏமாறவில்லை என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அது தன் தாய் அல்ல என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே போகிறார். ஆகவே, "எது மெய், எது பொய்" என்ற கேள்வி அந்தக் கதைக்கு உதவாது.

இ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்ற கதையை அந்த மாணவிக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். கணினி என்பதே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட கதை அது. மனிதர்கள் பூமிக்கு அடியில் ஆளுக்கொரு அறையில் வாழ்கிறார்கள். உணவு, இசை, உரையாடல் அனைத்தும் பொறியின் வழியாகவே வருகின்றன. வாஷ்டி என்ற தாயிடம், பொறியின் வழியாக அல்லாமல் நேரில் வந்து என்னைப் பார் என்று மகன் கூனோ கெஞ்சுகிறான்; அவளுக்கோ பயணம் செய்வதே அருவருப்பாக இருக்கிறது. அந்தக் கதையில் பொறி ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. முதலில் இசையின் நடுவே ஏதோ கரகரப்பு கேட்கிறது. செயற்கைப் பழங்களில் பூஞ்சை படிகிறது. குளியல் நீர் நாறத் தொடங்குகிறது. மக்கள் முறையிடுகிறார்கள், பழுது பார்க்கும் பிரிவோ விரைவில் கவனிக்கப்படும் என்கிறது, சில நாட்களில் அந்த நாற்றமும் பழகிப்போகிறது. பழுது பார்ப்பது எப்படி என்று முழுதாக அறிந்தவர் எவரும் மிஞ்சவில்லை. என்னைப் பொறுத்தவரை அச்சம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இறுதியில் வரும் பேரழிவு வெறும் கணக்குத் தீர்ப்பு.

இடுக்கி மாவட்டத்தில் வாழும் எங்களுக்கு இது வெறும் கதை அன்று. செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்ட 2018 ஆகஸ்டில், மலைப்பாதைகள் சரிந்து, மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தபோது, கேரளத்தின் பல இடங்களில் செய்தி கொண்டு சேர்த்தவர்களில், சொந்த வானொலிக் கருவிகள் வழியே தமக்குள் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்களும் இருந்தார்கள். பழையது என்று பலரும் கைவிட்ட ஒரு திறமையைச் சிலர் விடாமல் பயின்று வந்ததால்தான் அது முடிந்தது. மெய்நிகர் உலகத்தைப் பற்றி எழுதுகிறவர், அந்த உலகத்துக்குள் போனவர்கள் வெளியே எந்தெந்தக் கைவேலையை மறந்தார்கள் என்று எழுதினால், வெடிப்பு எதுவும் தேவைப்படாது. அந்த அப்பாவுக்குத் தென்னைக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்பது எந்த மாதத்தில் மறந்துபோகிறது?

பதில் 2: நகரி, கண் கண்ணாடிக் கடைக்காரர்

ஐயா, நான் சித்தூர் மாவட்டத்து நகரியில் இருக்கிறேன் (உங்கள் சித்தூர் அல்ல, ஆந்திரச் சித்தூர்). கண் பரிசோதனைத் தொழிலில் இருப்பதால் எனக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். மெய்நிகர் கதைகளில் பெரும்பாலும் உடலே காணாமல் போய்விடுகிறது. இன்றைய ஹெட்செட்டில் திரை கண்ணுக்கு மிக அருகில் இருந்தாலும், வில்லைகள் அதன் பிம்பத்தை ஒரே தொலைவில் நிலையாக நிறுத்துகின்றன. காட்சியில் ஒரு பொருள் முகத்துக்கு அருகே வரும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் குவியம் (கண் தெளிவாகப் பார்க்கும் தொலைவு) மட்டும் பழைய தொலைவிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இயல்பாக ஒன்றாக இயங்கும் இந்த இரண்டும் பிரிவதால் கண் களைத்துத் தலை வலிக்கிறது. போதாததற்கு, கண் "நகர்கிறோம்" என்றும் உள்காது "அசையவில்லை" என்றும் சொல்வதால் குமட்டல் வருகிறது. ஐவன் சதர்லாண்ட் 1968இல் உருவாக்கிய தலைக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அன்று தொட்டே உடல் இந்தக் கனவுக்கு இடைஞ்சலாக நின்றுகொண்டுதான் இருக்கிறது.

ஆகையால் கதை எழுதும் பிள்ளைகளிடம், உள்ளே இருப்பவருக்குச் சோறு போடுவது யார், கழிவறைக்கு அழைத்துப் போவது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பாள். அந்த மாணவியின் கதையில் அம்மா எங்கே?

பதில் 3: ஆரியங்காவு பெரியவர்

இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஏமாறுவதை முற்றாகத் தள்ளிவிடவும் வேண்டாம். யோக வாசிட்டத்தின் தமிழ் வடிவமான ஞானவாசிட்டத்தில் இலவண மன்னன் கதை உண்டு. சபைக்கு வந்த இந்திரசாலக்காரன் மயிற்பீலியை அசைத்ததும், மன்னன் சிறிது நேரம் அரியணையில் சிலையாகிப் போகிறான். அந்தச் சிறிது நேரத்தில் அவன் விந்தியக் காட்டுச் சேரியில் மணம் முடித்து, பிள்ளை பெற்று, பஞ்சத்தில் தீக்குளிக்கத் துணியும் வரை ஒரு முழு வாழ்வையே வாழ்ந்து முடிக்கிறான். விழித்த பிறகு அவன் அதை உதறிவிடவில்லை. புறப்பட்டுப் போய் அந்த இடத்தைத் தேடிப் பார்க்கிறான். மாயத்துக்குள் பட்ட துன்பமும் துன்பம்தான். அதுபோல அந்த அப்பா திண்ணையில் பெற்ற ஆறுதலும் ஆறுதல்தான். அதைப் பொய் என்று கதை இகழக் கூடாது.

நான் கேட்பது வேறு. இலவணனை எழுப்பும் அதிகாரம் யாரிடம் இருந்தது? ரே பிராட்பரி 1950இல் எழுதிய 'தி வெல்ட்' கதையில், குழந்தைகளின் அறையில் ஆப்பிரிக்கப் புல்வெளியும் சிங்கங்களும் சுவர்க்காட்சியாகத் தோன்றுகின்றன. ஒருநாள் தந்தை அங்கே தன் பழைய பணப்பையைக் கண்டெடுக்கிறார். அது மென்று துப்பப்பட்டிருக்கிறது, அதில் சிங்க வாடை அடிக்கிறது. எல்லா வேலையையும் தானே செய்யும் அந்த இயந்திர வீட்டையே நிறுத்திவிட முடிவு செய்த பிறகும், ஒரு நிமிடம் மட்டும் என்று பிள்ளைகள் அழுததற்கு இணங்கியதால், கடைசியில் கதவு பெற்றோரை உள்ளே வைத்துப் பூட்டப்படுகிறது. கதவின் பூட்டு யார் கையில் என்பதே கேள்வி. உங்கள் மாணவியின் கதையில் அந்தப் பூட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. பாட்டியின் குரலை அவர்கள் வைத்திருக்கும் வரை, தோப்பு போன பின்னும் அந்த மனிதர் விடுபட முடியாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நகரி நண்பர் கேட்டது என்னைத் திடுக்கிட வைத்தது. அந்தக் கதையில் அம்மா ஒரே ஒரு வரியில், தேநீர் வைத்துவிட்டுப் போகிறவராக மட்டுமே வருகிறார். வரும் சனிக்கிழமை வெடிப்பை எடுத்துவிட்டு, கட்டணம் கட்டத் தவறிய மாதத்தில் நிறுவனம் பாட்டியை எப்படி அனுப்புகிறது என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். பாட்டி வராமலே இருப்பாரா, அல்லது வந்து, நடுவே நிறுத்தி, பாக்கித் தொகையைக் கேட்பாரா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அம்மாவின் பார்வையிலிருந்தே எழுத முடியுமா என்றும் கேட்கிறேன்.