குழந்தை திடீர்னு இறந்துட்டா யார் யார் வருவாங்க, என்ன கேப்பாங்க - பார்த்தவங்க, பட்டவங்க எழுதுங்க

ராத்திரிடூட்டி:
குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்துட்டு, குழந்தை திடீர்னு இறந்தா ஏன்னு பார்க்குற டீமுக்கு வந்தேன். முதல் கேஸ் நாலு மாசக் குழந்தை, நைட்டு பால் குடிச்சிட்டு தூங்குனது விடியக்காலைல அசைவே இல்ல. அன்னைக்கே டாக்டர், போலீஸ், நான் மூணு பேரும் ஒண்ணாதான் வீட்டுக்குப் போனோம், தனித்தனியா போனா பெத்தவ அதையே மூணு தடவ சொல்லி அழணும்ல. டாக்டர் ஒரு துணி பொம்மைய நீட்டி, எப்படி படுத்திருந்துச்சுன்னு இதை வச்சு காட்டுங்கம்மான்னார். அந்தம்மா பொம்மைக்கும் கழுத்துல கை கொடுத்துதான் வாங்குனாங்க. சோபாவுல, அப்பா பக்கத்துல, முகம் குஷன் இடுக்குல.

போஸ்ட்மார்ட்டத்துல ஒண்ணும் தெரியல. மூச்சு முட்டி போன குழந்தையையும் காரணமே தெரியாம போன குழந்தையையும் உடம்பை மட்டும் பார்த்து பிரிச்சு சொல்றது பெரும்பாலும் முடியாது, அதனாலதான் படுத்த இடத்த பார்த்தே ஆகணும்.

அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசுனப்போதான் இன்னொண்ணு வந்துச்சு. குழந்தை உயிரோட இருந்தப்போ வீட்டுக்குப் போய் பார்த்த வேறொரு நர்ஸ், தொட்டில் இல்லன்னு ரெண்டு மாசம் முன்னாடியே எழுதியிருக்காங்க! அது அவங்க ஃபைல்லயே தூங்கிட்டு இருந்திருக்கு. எனக்கு வந்த கோவம் இருக்கே.

1978ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இந்த மாதிரி முதல் டீம் ஆரம்பிச்சப்போ அடிச்சுக் கொன்னத மறைக்கிறாங்களான்னு பார்க்கத்தான் ஆரம்பிச்சாங்க. அந்த வாடை இன்னும் போகல, போலீஸ் வந்தாலே குத்தவாளி ஆக்குறாங்கன்னு ஜனங்க பயப்படுறாங்க. இங்கிலாந்துல 2008லருந்து எந்தக் குழந்தை இறந்தாலும், எதிர்பார்த்த சாவா இருந்தாலும்கூட, பல துறை ஆளுங்க சேர்ந்த குழு ஒண்ணு பார்த்தே ஆகணும். யார் மேல தப்புன்னு தேடுறது அந்தக் குழுவோட வேலை இல்ல, அடுத்த குழந்தைக்கு என்ன மாத்தலாம்கிறதுதான்.

ரெண்டுபுள்ளஅம்மா:
நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சிஸ்டர், எங்களுக்கு அப்படி நடக்கல. மூணு பேர் மூணு நாள் வந்தாங்க, ஒருத்தர் கேட்டது இன்னொருத்தருக்குத் தெரியல. பால் பாட்டில், பெட்ஷீட் எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க, எதுக்குன்னு சொல்லல. ரிப்போர்ட்டுக்கு யாருக்கு போன் போடணும்னே தெரியாம அவர் மாசக்கணக்கா அலைஞ்சாரு.

ராத்திரிடூட்டி:
மன்னிச்சிருங்கம்மா. எல்லாத்துக்கும் ஒரே ஆள், ஒரே போன் நம்பர்னு மொத நாளே கொடுத்திருக்கணும். பெட்ஷீட் திரும்பி வந்துச்சா?

ரெண்டுபுள்ளஅம்மா:
வந்துச்சு. திருப்பிக் கொடுத்த பொண்ணு மட்டும், துவைக்கல, அப்படியே வச்சிருக்கோம்னு சொல்லி கொடுத்துச்சு. இன்னும் துவைக்கல.