வெள்ளைக்கு பி4 தொடக்கம்: கறுப்பு இ5 ஆடினால் என்ன செய்வது?

நண்பர்களுக்கு வணக்கம். சதுரங்கத்தில் வெள்ளைக் காயில் முதல் நகர்வாக பி4 (பி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே) ஆடுகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? 1924 நியூயார்க் போட்டியின்போது சதுரங்க வீரர் டார்டகோவர் விலங்குக் காட்சிசாலைக்குப் போய்வந்து ஆடியதால் ‘ஒராங்குட்டான்’ என்று பெயர்பெற்ற அதே தொடக்கம்தான்.

கறுப்பு டி5 ஆடினால் எனக்குக் கவலையில்லை. இ5 வந்தால்தான் தலைவலி. நான் மந்திரியை (பிஷப்) பி2-இல் வைக்கிறேன். எதிராளி தன் மந்திரியால் பி4 சிப்பாயை வெட்டுகிறார். நான் இ5 சிப்பாயை எடுக்கிறேன். ஓரச் சிப்பாய்க்கு நடுச் சிப்பாய், நல்ல பேரம்தான். ஆனால் அடுத்த சில நகர்வுகளில் அவர் குதிரைகள் இரண்டும் வெளியே வந்துவிடுகின்றன, கோட்டையும் கட்டிவிடுகிறார் (காஸ்லிங், அதாவது ராஜாவை யானைப் பக்கம் நகர்த்திப் பாதுகாப்பது). என் மந்திரியோ துரத்தப்பட்டு மறுபடி பி2-க்கே திரும்புகிறது. பி4-இல் நிற்கும் அவர் மந்திரியால் என் டி2 சிப்பாய் அசைய முடிவதில்லை, அசைந்தால் என் ராஜாவுக்கு செக்.

நான்காம் நகர்வில் சி4 ஆடுவதா, குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்து சீக்கிரம் கோட்டை கட்டுவதா? கணினி இரண்டையும் ஏறக்குறைய சமம் என்கிறது. பதினைந்து நிமிட ஆட்டத்தில் அது போதாது. நடு ஆட்டத் திட்டம்தான் வேண்டும். “பேசாமல் இ4 ஆடுங்கள்” என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.