சிஎஃப்ஏ லெவல் 2: எந்த மெட்டீரியல், எப்படிப் படித்தோம்? வடசென்னைக்காரர்களின் அனுபவங்கள்

கொருக்குப்பேட்டையிலிருந்து:

சிஎஃப்ஏ என்பது முதலீட்டு ஆய்வாளர்களுக்கான மூன்று கட்டத் தேர்வு. முதல் தடவை அதன் லெவல் 2-ல் விழுந்தேன். இரண்டாவது தடவை தாண்டிவிட்டேன். முடிவு வந்த நாளிலிருந்து தெரிந்த தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘அக்கா, எந்த மெட்டீரியல்?’ ஏதோ ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட மனசு வரவில்லை. என்னிடம் மெட்டீரியல் அதிகமாக இருந்தது நான் விழுந்த தடவையில்தான்.

அப்போது என்னிடம் சிஎஃப்ஏ இன்ஸ்டிட்யூட்டின் சொந்தப் பாடப்புத்தகம், ஒரு பயிற்சி நிறுவனத்தின் சுருக்க நோட்ஸ், வேறொரு ஆசிரியரின் வீடியோ வகுப்பு, ஆபீஸ் சீனியர் கொடுத்த பிரிண்ட் அவுட் கட்டு, எல்லாம் இருந்தன. ஓர் இடம் புரியவில்லை என்றால் அடுத்த மெட்டீரியலைத் திறப்பேன். அங்கேயும் உறைக்காவிட்டால் வீடியோ. ஒரே பாடத்தை நாலு பேர் வாயால் கேட்டதில் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. பேனா எடுத்துக் கணக்குப் போட்டது கடைசி மூன்று வாரம்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அயல்நாட்டுக் கிளைக் கம்பெனியின் கணக்கைத் தாய்க் கம்பெனியின் நாணயத்துக்கு மாற்றும் பாடம். கரண்ட் ரேட் முறையில் சொத்து, கடன் எல்லாவற்றையும் கணக்கு முடிக்கும் நாளின் நாணய மாற்று விகிதத்தில் மாற்ற வேண்டும். வரும் வித்தியாசம் நேராக ஈக்விட்டிக்குள், அதாவது பங்குதாரர் மூலதனத்துக்குள் போகும். டெம்போரல் முறையில் ரொக்கம், வரவேண்டிய பாக்கி, கடன் இவற்றுக்கு மட்டும் கணக்கு முடிக்கும் நாளின் விகிதம். வாங்கிய விலையில் நிற்கும் சரக்குக்கும் இயந்திரத்துக்கும் வாங்கிய நாளின் பழைய விகிதம். வித்தியாசம் லாப நட்டக் கணக்குக்குப் போகும். இதை யார் கேட்டாலும் அப்போதும் கடகடவென்று ஒப்பித்திருப்பேன். ஆனால் தேர்வில் அது ‘இந்தக் கம்பெனியின் மொத்த லாப விகிதம் எந்த முறையில் கூடும்?’ என்பது போல வேறு முகத்தோடு வரும். நாலு மெட்டீரியலும் எனக்கு விளக்கம் கொடுத்தன. அந்த முகத்தை அடையாளம் காணும் பழக்கம் கணக்குப் போட்டிருந்தால்தான் வந்திருக்கும்.

இரண்டாவது தடவை முதலில் என் நேரத்தை எண்ணினேன். ஒரு லெவலுக்குச் சுமார் 300 மணி நேரம் என்று இன்ஸ்டிட்யூட்டே சொல்கிறது. ஆபீஸ் போகிற எனக்கு விடியற்காலை ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து. வாரத்துக்குப் பதினைந்து என்று வைத்தால் 20 வாரம். அதில் பாதிதான் படிக்க, மீதிப் பாதி கேள்வி போட என்று பிரித்ததும் நாலு மெட்டீரியலுக்கு இடமே இல்லை என்று தெரிந்துவிட்டது. சுருக்க நோட்ஸ் ஒன்று, இன்ஸ்டிட்யூட் தரும் பயிற்சிக் கேள்விகளும் மாதிரித் தேர்வுகளும். மற்றதை அலமாரி மேல் தூக்கிப் போட்டேன்.

கூடவே ஒரு சிவப்பு நோட்டு. தப்பாகப் போட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வரி: தெரியாமல் தப்பா, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் தப்பா, கால்குலேட்டரில் தப்பா? முதல் மாத முடிவில் எண்ணிப் பார்த்தால் பாதித் தப்பு இரண்டாவது வகை. அதற்கு எந்தப் புத்தகம் வாங்கி என்ன பயன்? எங்கள் ரயில்வே கேட் விழுந்தால் கூட்ஸ் வண்டி போய்த் தீர்வதற்குள் அந்த நோட்டில் இரண்டு பக்கம் பார்த்துவிடலாம். தேர்வுக்கு முந்தைய நாள் நான் பார்த்தது அதை மட்டும்தான்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

அக்கா, நான் லெவல் 1 போன வருஷம் முடித்தேன். லெவல் 2-க்கு இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது. வீடியோ வகுப்புக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்று நிற்கிறேன். லெவல் 1-ஐ வெறும் நோட்ஸ் வைத்தே தாண்டினேன். அதே வழி இதற்கும் போதுமா?

காசிமேட்டிலிருந்து:

தம்பி, போதாது என்று அனுபவத்தில் சொல்கிறேன். லெவல் 1-ல் 180 தனித்தனிக் கேள்விகள், ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம். லெவல் 2-ல் 22 கதைப்பத்தி, ஒவ்வொன்றிலும் நாலு கேள்வி, மொத்தம் 88. ஒரு பத்திக்கு 12 நிமிஷம்தான் கணக்கு. நான் எட்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், மாநகராட்சிப் பள்ளி. சூத்திரம் எல்லாம் தெரியும், ஆனால் ஒன்றரைப் பக்க ஆங்கிலத்தை வாசித்து முடிப்பதற்குள் எட்டு நிமிஷம் ஓடிவிடும்.

இதற்கு யாரும் மெட்டீரியல் விற்பதில்லை. நானாக ஒரு வழி பண்ணிக்கொண்டேன். முதலில் நாலு கேள்வியையும் படிப்பேன். பிறகு பத்திக்குள் போய் அந்தக் கேள்விக்கு வேண்டிய எண் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுவேன். அப்பா மீன் ஏலத்துக்குத் துறைமுகம் போக எழுந்திருக்கும்போதே, விடிய ரொம்ப நேரம் இருக்க, நானும் எழுந்துவிடுவேன். தினமும் இரண்டு பத்தி, கடிகாரம் வைத்து. மூன்று மாதத்தில் வாசிக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது.

இன்னொன்று. கருத்து ஒன்று மண்டைக்குள் ஏறவில்லை என்றால் அதை வீட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அம்மா பத்துப் பேரை வைத்து மாசம் ஆயிரம் ரூபாய் ஏலச்சீட்டு பிடிப்பாங்க. முதல் மாசமே ஒருத்தர் இரண்டாயிரம் தள்ளி எட்டாயிரத்துக்கு எடுத்தார். அந்த மாசத் தவணை போகக் கையில் ஏழாயிரம், பிறகு ஒன்பது மாசம் ஆயிரம் ஆயிரமாகக் கட்ட வேண்டும். கசரை (தள்ளிய பணத்தில் எல்லோருக்கும் வரும் பங்கை) விட்டுவிட்டு கால்குலேட்டரில் ஐஆர்ஆர், அதாவது இந்த வரவு செலவுக்குள் ஒளிந்திருக்கும் வட்டி விகிதம், போட்டுப் பார்த்தேன். மாசத்துக்கு 5.34 சதவீதம். ‘அம்மா, இது அஞ்சு வட்டிக்கு மேல’ என்றேன். ‘இன்னாடா சொல்ற! சீட்டுன்னா வட்டி இல்லன்னுதானே எடுக்கிறாங்க’ என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாங்க. கடைசியில் எடுப்பவருக்கு என்ன கிடைக்கும், நடுவில் எடுத்தால் என்ன என்று ஒரு மணி நேரம் கேட்டாங்க. பணவரவு எந்தக் காலத்தில் வருகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. அதற்கப்புறம் பங்கு மதிப்பீட்டில் மீதி வருமான முறையும் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ முறையும் பயமில்லாமல் வந்தன.

விம்கோ நகரிலிருந்து:

நான் எழுதியது எஃப்ஆர்எம் என்ற நிதி இடர் மேலாண்மைத் தேர்வு, அதனால் சுருக்கமாக. முதல் பகுதி 100 கேள்வி, இரண்டாம் பகுதி 80, இரண்டுக்கும் நாலு நாலு மணி நேரம். 2021-ல் மெட்ரோ எங்கள் பக்கம் நீண்டதிலிருந்து ஆபீஸ் போக வர ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்தே போகலாம். அந்த நேரத்தில் புதுப்பாடம் படிக்கக் கூடாது, ஏற்கெனவே போட்ட கேள்விகளைத் திரும்பப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்குலேட்டரைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பிஏ டூ பிளஸ் என்ற நிதிக் கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் அது செயின் முறையில் இருக்கிறதா ஏஓஎஸ் முறையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 2 + 3 × 4 என்று அழுத்தினால் செயினில் 20 வரும், ஏஓஎஸ்ஸில் 14. திரையில் பிஜிஎன் என்று சின்னதாகத் தெரிந்தால் தவணை ஒவ்வொரு காலகட்டத்தின் தொடக்கத்திலும் வருகிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு முழு மாதிரித் தேர்வை அப்படியே எழுதி, ஏன் எல்லாக் கணக்கும் கொஞ்சம் கொஞ்சம் விலகுகிறது என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தேன்.

பெரம்பூரிலிருந்து:

கொருக்குப்பேட்டைத் தோழி சொன்னதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். அவர் அக்கவுண்ட்ஸ் பின்னணி என்று நினைக்கிறேன், அதனால் சுருக்க நோட்ஸ் போதுமாக இருந்திருக்கும். நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒரு கம்பெனி இன்னொன்றில் முதலீடு செய்தால் எப்போது ஈக்விட்டி முறை, எப்போது முழுவதும் சேர்த்துக் காட்டுவது என்று நோட்ஸில் இரண்டு வரியில் இருப்பதைப் படித்து எதுவும் பிடிபடவில்லை. நிதி அறிக்கைப் பாடத்துக்கு மட்டும் வீடியோ வகுப்பு எடுத்தேன். கட்டிய பணம் வீண் போகவில்லை. முழுப் பாடத்துக்கும் வேண்டாம், எந்தப் பாடம் உங்களுக்கு அந்நியமோ அதற்கு மட்டும்.

எதிக்ஸ் மட்டும் எந்தச் சுருக்க நோட்ஸிலும் படிக்காதீர்கள். அதில் ஏழு நெறிகள் இருக்கின்றன. அவற்றைப் பத்து வரியில் சுருக்கிவிடலாம். ஆனால் கேள்வி வருவது ஒவ்வொரு நெறிக்கும் கீழே மூலப் பாடத்தில் கொடுத்திருக்கும் உதாரணங்களின் சாயலில். வாடிக்கையாளர் பரிசு கொடுத்தால் வாங்கலாமா, வேலையை விடும்போது கஸ்டமர் பட்டியலை எடுத்துப் போகலாமா என்பதெல்லாம் அந்த உதாரணங்களைப் படித்தால்தான் பிரித்துச் சொல்ல வரும். கடைசி இரண்டு வாரம் நான் தினமும் அரை மணி நேரம் அதற்கே கொடுத்தேன்.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு: கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில் படிக்கத் தனி இடம் இருக்கிறது. ஒரே அறை வீட்டில் டிவிக்கும் குழந்தைக்கும் நடுவில் படித்த எனக்கு, மாதிரித் தேர்வை நடுவில் எழுந்திருக்காமல் முழுதாக எழுத முடிந்தது அங்கேதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நானும் இன்ஜினியரிங்தான், அதனால் பெரம்பூர் அக்கா சொன்னபடி நிதி அறிக்கைப் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டினேன். கால்குலேட்டர் செயினில் இருந்தது, மாற்றிவிட்டேன். இன்று காலை காசிமேட்டு அண்ணன் சொன்னபடி கடிகாரம் வைத்து முதல் பத்தியைப் போட்டேன். 21 நிமிஷம் ஆனது. நாலில் ஒன்று சரி. மற்ற மூன்றும் நோட்டில் ஏறிவிட்டன, மூன்றுமே கேள்வியைச் சரியாகப் படிக்காததால். நாளைக்கு இரண்டு பத்தி போட்டுவிட்டு நேரத்தை இங்கே எழுதுகிறேன்.