தாத்தாவோட ஆல்பத்துல திருவிதாங்கூர் சங்கு ஸ்டாம்ப், எக்ஸ்சேஞ்ச் பண்ணலாமா?

நாகர்கோவில்_மணி: எல்லாருக்கும் வணக்கம். தாத்தா ஆல்பத்துல திருவிதாங்கூர் சமஸ்தானத்தோட அஞ்சல் ஸ்டாம்ப் நிறைய இருக்கு, சக்கரம்னு (அந்தக் காலத்து திருவிதாங்கூர் காசு) விலை போட்டு நடுவுல சங்கு. டபுளா இருக்கறத ஆன்லைன்ல மாத்திக்கலாம்னு ஆசை. சிலது கவர்லயே ஒட்டிருக்கு, தண்ணில ஊறவச்சு எடுத்துரவா?

சேகரிப்பாளன்: ஐயோ தம்பி, கவர்ல இருந்து எடுக்காதீங்க! முத்திரையில ஊர், தேதி தெரிஞ்சா அதுக்குத்தான் மதிப்பே, எடுத்துட்டா அந்தக் கடிதம் எங்கிருந்து எங்க போச்சுங்கற கதையே போயிரும். சங்கு ஸ்டாம்ப் 1888ல ஆரம்பிச்சது, அப்புறம் பல வருஷம் வந்துச்சு, அதனால வாட்டர்மார்க் (பேப்பருக்குள்ளயே இருக்கற மங்கலான அடையாளம்), ஓர ஓட்டை எல்லாம் பாத்துதான் எதுன்னு பிரிக்க முடியும்.

தபால்பிரியை: போட்டோ போடறப்ப முன்பக்கம் மட்டும் போடாதீங்க மணி, பின்பக்கமும் வேணும், கிழிசல், மெலிஞ்ச இடம்லாம் அங்கதான் தெரியும். ஸ்கேனர் இருந்தா ரொம்ப நல்லது, கலர் சரியா வரும். அனுப்பறப்ப ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு அனுப்புங்க, கையால தொடாம ட்வீசர்ல எடுங்க.

நாகர்கோவில்_மணி: நல்லவேளை கேட்டேன், ரொம்ப நன்றி! ஞாயித்துக்கிழமை ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணிப் போடறேன். சேகரிப்பாளன் சார், உங்களுக்கு எந்த சக்கரம் வேணும்னு சொல்லுங்க.

சேகரிப்பாளன்: நாலு சக்கரம் பச்சை இருந்தா முதல்ல எனக்கு காட்டுங்க.