ஒத்தக்கடை மாடி அறைக்கு ஒரு கேமிங் கணினி: எதில் பணத்தைப் போடுவது?

ஒத்தக்கடையான்: வணக்கம். கையில் இரண்டரை லட்சம் இருக்கிறது; 1440பி (2560×1440 புள்ளிகள்) மானிட்டர் ஏற்கெனவே உண்டு. ஆர்டிஎக்ஸ் 5080 கிராஃபிக்ஸ் கார்டு, ரைசன் 7 9800எக்ஸ்3டி புராசஸர் என்று முடிவு செய்துவிட்டு, மிச்சப் பணத்துக்குள் அடங்கும் 650 வாட் பவர் சப்ளை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். யுபிஎஸ் பழையதுதான், 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்). அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது, ஏசி கிடையாது. இதில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

மாசிவீதிக்காரர்: 5080 மட்டுமே 360 வாட் வரை இழுக்கும், என்விடியா நிறுவனமே அதற்கு 850 வாட் பவர் சப்ளையைத்தான் பரிந்துரைக்கிறது. உங்கள் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும் என்பதால், புராசஸருக்கு எதுவும் மிஞ்சாது. போன சித்திரையில் என் வீட்டில் மின்சாரம் போய், யுபிஎஸ் சுமையை ஏற்ற கணத்திலேயே கணினி அணைந்தது. மலிவு என்று நான் வாங்கிய பவர் சப்ளை அன்றோடு கெட்டதுடன், மதர்போர்டையும் கெடுத்துவிட்டது. எனவே அதே வரிசையில் ஒரு படி கீழே உள்ள 5070 டிஐ கார்டை வாங்குங்கள். இரண்டு கார்டிலும் மெமரி 16 ஜிபிதான். கூடா கோர்கள் (கார்டின் கணக்கிடும் அலகுகள்) 10,752க்குப் பதில் 8,960 என்பதே பெரிய வேறுபாடு. மீதமாகும் பணத்தில் தரமான 850 வாட் பவர் சப்ளையும், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவ் யுபிஎஸ்ஸும் வாங்கிவிடலாம்.

வைகை வடகரை: மாசிவீதியார் தாம் பட்ட நஷ்டத்தை ஊருக்கே விதியாக்குகிறார். பவர் சப்ளையை மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதற்கான பணத்தைப் புராசஸரிலிருந்து எடுங்கள். 1440பி-யில் காட்சித் தரத்தை உச்சத்தில் வைத்து விளையாடும்போது திணறுவது பெரும்பாலும் கார்டுதான். 9800எக்ஸ்3டி-யின் 96 எம்பி எல்3 கேஷ் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) அங்கே சும்மா இருக்கும். இந்தப் புராசஸர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பின்னரும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருப்பதால், இன்று விலை குறைந்த ரைசன் 5 9600எக்ஸ் போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கார்டை மாற்றுவதென்றால் பழையதைப் பாதி விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

மாசிவீதிக்காரர்: என்ன விளையாடுவார் என்று கேட்காமலே புராசஸரைக் குறைக்கச் சொல்கிறீர்களே.

ஒத்தக்கடையான்: பெரும்பாலும் நண்பர்களோடு அணியாகச் சுடும் விளையாட்டு. கதை விளையாட்டு விடுமுறை நாட்களில் மட்டும்.

வைகை வடகரை: அப்படியானால் புராசஸர் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். காட்சித் தரத்தைத் தாழ்த்தி நொடிக்கு நூற்றுக்கணக்கான பிரேம்களை (காட்சிப் படங்களை) துரத்தும் அந்த வகை விளையாட்டில்தான் அந்தக் கேஷுக்கு வேலை இருக்கிறது.

திருநகர்வாசி: இருவரும் அறையை மறந்துவிட்டீர்கள். எந்தச் சாதாரணக் கூலரும், தண்ணீர்க் கூலர் உட்பட, அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் புராசஸரை வைத்திருக்க முடியாது. அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே ஏறத்தாழ அதே 10 டிகிரி கூடும். போதாததற்கு, கணினி இழுக்கும் 500 வாட்டும் வெப்பமாக அந்த அறைக்குள்ளேயே இறங்கும். பகலெல்லாம் காய்ந்த தளத்தின் கீழ் மே மாத இரவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை) 80 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள், பிரேம்களில் சிறிதளவே குறையும்.

வைகை வடகரை: என் வாதத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 360 வாட்டில் 80 சதவீதம் 288 வாட். 5070 டிஐ-யின் முழு அளவே 300 வாட் எனும்போது, கட்டுப்படுத்திய 5080 அதைவிடக் குறைவாக இழுத்துக்கொண்டு வேகமாகவும் ஓடும்.

மாசிவீதிக்காரர்: கூடுதல் விலை கொடுத்து மாட்டை வாங்கி, அதற்கு வாய்ப்பூட்டும் போடச் சொல்கிறீர்கள். 5070 டிஐ-க்கும் லிமிட்டைப் போட்டால் அதுவும் 300 வாட்டுக்குக் கீழே இறங்கும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

ஒத்தக்கடையான்: நான் விளையாடும் விளையாட்டுக்கு 5070 டிஐ போதும் என்று தோன்றுகிறது. 9800எக்ஸ்3டி இருக்கட்டும். பவர் சப்ளை 850 வாட். சைன் வேவ் யுபிஎஸ்ஸும் வாங்குகிறேன். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார்.

வைகை வடகரை: 850 வாட் நல்ல முடிவு. பிறகு 5080-க்கு மாறும்போது அதையாவது புதிதாக வாங்க வேண்டியிருக்காது.