பாட்டு முடிவதற்குள் உடை மாற்றி முடிக்க முடியவில்லை. இசைநாடகத்தில் மேடைக்குப் பின்னால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதல்மணி:

வணக்கம். இதுவரை ஐந்தாறு பேச்சு நாடகங்களுக்குப் பின்மேடை வேலை பார்த்திருக்கிறேன். கைப்பொருள் எடுத்துக் கொடுப்பது, திரை இழுப்பது, யாராவது வசனம் மறந்தால் ஓரத்திலிருந்து முணுமுணுப்பது, அவ்வளவுதான். இப்போது முதல்முறையாக ஒரு இசைநாடகம். 400 இருக்கை அரங்கு, 22 நடிகர்கள், 9 பேர் இசைக்குழு. பின்மேடையில் என்னையும் சேர்த்து 5 பேர். உதவி ஸ்டேஜ் மேனேஜர் என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். அரங்கேற்றத்துக்கு இன்னும் 18 நாள்.

மூன்று விஷயம் உதைக்கிறது.

நாயகி வேலைக்காரி உடையில் ஒரு பாட்டை முடித்துவிட்டுக் கல்யாண உடையில் அடுத்த பாட்டுக்கு வர வேண்டும். நடுவில் 40 விநாடி. நேற்று எங்களுக்கு ஆனது 1 நிமிடம் 35 விநாடி. ஜிப் சிக்கி, அவர் அழுதே விட்டார்.

கோரஸ் பாடகர்கள் மேடையின் பின்கோடியில் உயரமாக நின்று பாடும் இடத்தில் மட்டும் தாளம் பின்தங்குகிறது. இசை இயக்குநர் "கவனம் இல்லை" என்று தினமும் திட்டுகிறார். அவர்களோ பால்கனி முகப்பில் வைத்திருக்கும் டிவியில் அவர் கையைப் பார்த்துத்தான் பாடுகிறோம் என்று சத்தியம் செய்கிறார்கள்.

அப்புறம், பெரிய படிக்கட்டு செட்டை நிறுத்த இடமில்லை. இப்போதைக்கு வலது ஓரத்தில் வெளியேறும் கதவை ஒட்டிச் சாத்தி வைக்கிறோம். பரவாயில்லையா?

ஊக்குப்பெட்டி:

40 விநாடி தாராளம். நான் 14 விநாடியில் ஒரு ராணியைப் பிச்சைக்காரியாக்கியிருக்கிறேன். அந்த ஜிப்பை முதலில் பிய்த்து எறியுங்கள். விவரம் ராத்திரி எழுதுகிறேன், தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கறுப்புச்சட்டை:

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். 19 வருடமாக ஸ்டேஜ் மேனேஜராக இருக்கிறேன். முதலில் உங்கள் மூன்றாவது கேள்வி. அந்தப் படிக்கட்டு இன்று ராத்திரி அங்கே இருக்கக் கூடாது. இடமில்லை என்றால் இரண்டாக வெட்டி மடக்குகிற மாதிரி கீல் போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் படிக்கட்டே இல்லாமல் நாடகம் போடுங்கள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் இரோக்வாய் தியேட்டர் எரிந்தது. திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அன்று பகல் காட்சியாக ஓடியதும் ஒரு இசைநாடகம்தான். விளக்குப் பொறி மேலே தொங்கிய துணியில் பிடித்தது. தீத்தடுப்புத் திரையை இறக்கினார்கள், அது பாதியில் எதிலோ மாட்டி நின்றுவிட்டது. கதவுகளில் பல பூட்டிக் கிடந்தன. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த அரங்குக்குப் போனாலும் நான் முதலில் வெளியேறும் கதவுகளைத் திறந்து பார்ப்பேன், அடுத்துத் திரை இறங்கும் கோட்டில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பேன். இயக்குநரிடம் அனுமதியெல்லாம் கேட்க வேண்டாம். நகர்த்திவிட்டுச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் உடை மாற்றம். பேச்சு நாடகத்தில் நேரம் நடிகர் கையில் இருக்கிறது. உள்ளே யாராவது தாமதித்தால் மேடையில் இருப்பவர் நாலு வார்த்தை கூடப் பேசி ஒப்பேற்றிவிடுவார். இசைநாடகத்தில் அந்த நேரம் இசைக்குழுவிடம் போய்விடுகிறது. ஒன்பது பேர் ஒரே நேரத்தில் நாலு வார்த்தை கூடப் பேச முடியாது. அதனால் விநாடிக் கணக்கை விட்டுவிட்டு பார் கணக்குக்கு வாருங்கள் (பார் என்பது இசையில் ஒரு தாளக் கட்டம்). ஸ்கோரில், அதாவது இசைக்குறிப்புப் புத்தகத்தில், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். நோட் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பார் எண்ணத் தெரிந்தால் போதும். எனக்கும் ஆரம்பத்தில் தெரியாது, ஒரு கிளாரினெட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் எண்ணக் கற்றுக்கொண்டேன்.

இசைக்காரர்கள் அந்த நாலு வார்த்தைக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் வேம்ப். இரண்டு அல்லது நான்கு பார்களை, சைகை வரும்வரை சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருப்பது. சபைக்கு அது அடுத்த பாட்டின் முன்னிசை மாதிரிதான் கேட்கும். கல்யாணப் பாட்டுக்கு முன்னால் அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இசை இயக்குநரிடம் கேளுங்கள். முகம் சுளிப்பார், கேளுங்கள். உடை மாறியதும் நீங்கள் ஹெட்செட்டில் "மணப்பெண் தயார்" என்று சொல்ல, ஸ்டேஜ் மேனேஜர் நடத்துநரின் (குழுவுக்குக் கை காட்டும் அந்த இசை இயக்குநரின்) ஸ்டாண்டில் இருக்கும் சின்ன விளக்கைப் போட, அவர் இடது கையை உயர்த்த, அந்தச் சுற்று முடிந்ததும் பாட்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் சபைக்குத் தெரியாது. மூன்று சுற்றுக்கு மேல் போனால் டிரம்மர் சிரிக்க ஆரம்பித்துவிடுவார், அது வேறு விஷயம்.

(ஸ்கோர் வாடகைக்கு வந்ததாக இருந்தால் பென்சிலில் மட்டும் குறியுங்கள். திருப்பிக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்க வேண்டும். ஒருமுறை யாரோ ஒரு வயலின்காரர் பேனாவால் எழுதித் தொலைத்துவிட்டு, நாடகம் முடிந்து செட்டைப் பிரிக்கும் ராத்திரியில் நான் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.)

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஹெட்செட்டில் ஒழுங்கு வேண்டும். விளக்கு, ஒலி, செட் எல்லாவற்றுக்கும் "ஸ்டாண்ட்பை" என்று ஒரு எச்சரிக்கை, அப்புறம் "கோ". அந்த இரண்டாவது சொல் வாயிலிருந்து வந்த கணமே விளக்குக்காரர் பொத்தானை அழுத்துவார், யோசிக்கமாட்டார், யோசிக்கவும் கூடாது. என் இரண்டாவது நாடகத்தில், ஸ்டாண்ட்பை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது, பின்திரை இறங்காமல் நிற்பதைப் பார்த்தேன். பதறிப்போய் "கோளாறு" என்று சொல்ல வாயெடுத்தேன். முதல் எழுத்திலேயே அரங்கம் இருண்டது. நாயகனும் வில்லனும் கத்திச்சண்டையின் நடுவில் இருந்தார்கள். இருட்டில் வாள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு ஒரு "ஐயோ". நல்லவேளை அட்டை வாள்தான். அன்றிலிருந்து என் குழுவில் கோளாறு, கோபம், கோணல் எல்லாம் தடை செய்யப்பட்ட சொற்கள். "சிக்கல்" என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் குழுவிலும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோரஸ் விஷயம் எனக்கு ஓரளவுதான் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை என்று மட்டும் தோன்றுகிறது. ஒலிக்காரர்கள் யாராவது வந்து சொல்லுங்கள்.

பதினாறாம்_சானல்:

கறுப்புச்சட்டை அக்கா சொன்னது சரி, பாடகர்கள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்வது டிவி.

கேமராவிலிருந்து டிவிக்குப் படம் போய்ச் சேருவதற்குள், இப்போதைய டிஜிட்டல் டிவி அதை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று கொஞ்சம் வைத்துக்கொண்டு விளையாடும். 100 மில்லிவிநாடி சாதாரணமாகப் போய்விடும். அவர்கள் பார்ப்பது நடத்துநரின் பழைய கையை. அதைப் பார்த்துச் சரியாகப் பாடினாலும், குரல் அவர் காதுக்கு வர வேண்டுமே. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். பின்கோடி 12 மீட்டர் தள்ளி என்றால் இன்னொரு 35 மில்லிவிநாடி. ஆக 135. நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் பாட்டில் கால் அடி என்பது 125 மில்லிவிநாடிதான். கால் அடிக்கு மேல் பின்தங்குகிறார்கள், அதுவும் மிகக் கவனமாக.

நீங்களே அளக்கலாம். டிவியும் நடத்துநர் நிற்கும் இடமும் ஒரே சட்டத்துக்குள் வருகிற மாதிரி போனை வைத்து, ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 பிரேமில் எடுங்கள். கேமரா முன் யாராவது ஒருமுறை கை தட்டட்டும். நிஜக் கை சேர்ந்த பிரேமுக்கும் டிவியில் சேர்ந்த பிரேமுக்கும் நடுவில் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பிரேம் நாலு மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் டிவி மெனுவில் கேம் மோடு (அந்த மெருகேற்றலைக் குறைக்கும் அமைப்பு) போட்டுத் திரும்ப எண்ணுங்கள். அதுவும் போதாவிட்டால் பழைய அனலாக் கேமராவும் குண்டு டிவியும் எங்காவது தூசி படிந்து கிடந்தால் கொண்டுவாருங்கள். இந்த வேலைக்கு அதை அடிக்க ஒன்றும் கிடையாது. கூடவே கோரஸ் நிற்கும் இடத்தின் அருகில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்து டிரம்ஸும் பியானோவும் மட்டும் கொடுங்கள். குரலைக் கொடுத்தால் மைக்கில் திரும்பி வந்து ஊளையிடும்.

உடை மாற்றுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாயகியின் மைக் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் இருக்கும், அரிசி மணி அளவு. ஒயர் முடிக்குள் ஓடிப் பின்கழுத்தில் இறங்கும். உடையைத் தலை வழியாக இழுத்தால் அது போச்சு. அந்த ஒயர் போய்ச் சேரும் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை உள்ளாடையோடு சேர்த்து இடுப்புப் பட்டையில் கட்டிவிடுங்கள், எந்த உடை மாறினாலும் அது மாறக் கூடாது. வியர்வை இறங்காமல் இருக்க நாங்கள் அதற்கு ஆணுறை மாட்டுகிறோம், வழவழப்பு தடவாத ரகம். வாங்கப் போகும்போது 20 பாக்கெட் ஒரே நேரத்தில் கேட்டால் கடைக்காரர் பார்க்கும் பார்வையைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இயக்குநரிடம் சேர்த்துவிடுங்கள். காதலர் இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடும்போது இரண்டு மைக்கும் ஒன்றையொன்று கேட்கும், குரல் தகரக் குழாய்க்குள் போன மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் ஒருவர் மைக்கை மூடிவிட்டு, மற்றவர் நெற்றியிலேயே இருவரையும் எடுக்கிறோம். அணைப்பில் யார் தலை எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு ராத்திரியும் மாற்றாமல் இருந்தால் புண்ணியம்.

ஊக்குப்பெட்டி:

வந்துவிட்டேன்.

முதலில், மாற்ற வேண்டாத அளவுக்கு மாற்றத்தைக் குறையுங்கள். கல்யாண உடையின் உள்பாவாடையும் வெள்ளைக் காலுறையும் வேலைக்காரி உடைக்கு அடியிலேயே போட்டுக்கொண்டு போகட்டும். வேலைக்காரி உடையின் முன்பக்கப் பொத்தான்கள் வெறும் அலங்காரமாக இருக்கட்டும். பொத்தான் துளைகளைத் தைத்து மூடிவிட்டு உள்ளே அழுத்துபொத்தான் வையுங்கள். வெல்க்ரோ வேண்டாம். பலரும் அதைத்தான் சொல்வார்கள். மென்மையான பாட்டு நேரத்தில் அது கிழியும் சத்தம் மூன்றாவது வரிசை வரை கேட்கும்.

இடத்தைக் குறியுங்கள். மேடையை விட்டு வெளியே வந்து ஆறு அடிக்குள் இருக்க வேண்டும். தரையில் ஒளிரும் டேப்பில் ஒரு கட்டம். கல்யாண உடையைத் தரையில் கிணறு மாதிரி வட்டமாகக் குவித்து வையுங்கள், நடுவில் இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குக் குழி. ஷூ இரண்டும் அந்தக் குழிக்குள்ளேயே, வாய் திறந்தபடி. அவர் ஓடிவந்து நிற்பார். ஒருவர் பின்னால் நின்று பழையதைத் திறந்து கீழே விடுவார், இன்னொருவர் முழங்காலிட்டு ஷூவைப் பிடிப்பார். அவர் குழிக்குள் கால் வைப்பார், கிணறு மேலே ஏறும். தலை வழியாக எதுவும் போகாது, பதினாறாம் சானலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

நடிகை ஒன்றும் செய்யக் கூடாது. இதுதான் அவருக்குக் கஷ்டம். உதவுகிறேன் என்று கையை நீட்டினால் ஐந்து விநாடி போச்சு. கையைக் கொஞ்சம் விலக்கி, மூச்சு விட்டுக்கொண்டு நின்றால் போதும். முதலில் வெளிச்சத்தில் மெதுவாகப் பத்துமுறை, பேசிக்கொண்டே. அப்புறம் வேகமாக. அப்புறம் இருட்டில், நீலத் தாள் ஒட்டிய சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. கடைசியில் இசையோடு. அழுதார் என்றீர்களே, பாவம், முதல் நாளே வேகமாகச் செய்யச் சொல்லியிருப்பீர்கள்.

முதல்மணி:

எல்லாருக்கும் நன்றி. நான் தம்பிதான் அக்கா. நான்கு நாள் ஆயிற்று, நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

படிக்கட்டு அன்றே நகர்ந்தது. கீல் போட்டு மடக்கிச் சுவரோரம் நிற்கிறது. இயக்குநர் அரைநாள் பேசவில்லை.

டிவியை அளந்தேன். 31 பிரேம். கேம் மோடு போட்டதும் 12. எண்ணிக் காட்டியபோது இசை இயக்குநர் போனைக் கையில் வாங்கி இரண்டுமுறை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் போய்க் கோரஸ்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல மூடில் இருக்கிறாரே என்று அந்தச் சூட்டோடு வேம்ப் கேட்டேன். நாலு பார் கொடுத்திருக்கிறார், பென்சிலில்.

உடை: வெளிச்சத்தில் 34 விநாடி. இருட்டில் 51. ஒவ்வொருமுறையும் இடது ஷூவில்தான் மாட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை.

ஊக்குப்பெட்டி:

ஷூ பிடிப்பவர் இடது கைப் பழக்கமா?

முதல்மணி:

ஆமாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஊக்குப்பெட்டி:

டார்ச்சைப் பல்லில் கடிக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கையில்தான் பிடிக்கிறார்கள். அவர் இடது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இடது ஷூவோடு மல்லுக்கட்டுகிறார். டார்ச்சை வாங்கிக்கொள்ளுங்கள். ஷூ குதிகாலில் ஒரு பொட்டு ஒளிரும் டேப் ஒட்டுங்கள், அது போதும்.